குழந்தைக்கா, சார்?

தூண்டிலுக்கு நல்ல மூடி ரீல் ஒன்றை, அதாவது முன்னால் மூடியும் பின்னால் பொத்தானும் வைத்த ஸ்பின்காஸ்ட் ரீலை, எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கடைப் பையனைக் கொஞ்சம் திட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். சனிக்கிழமையிலிருந்து மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டிருக்கிறேன், போதவில்லை.

டாலஸுக்கு வடக்கே, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் என்றே கட்டிய பெரிய கடை அது. ரீல்களுக்குத் தனி வரிசை. ஸ்பின்னிங் ரீல், பெய்ட்காஸ்டர் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள், மேலே விளக்கு, கீழே பூட்டு. மூடி ரீலைத் தேடிக்கொண்டு போனேன். வரிசையின் கடைக்கோடியில், முழங்கால் உயரக் கொக்கியில், இளவரசி படம் போட்ட ரோஸ் கலர்த் தூண்டிலுக்கும் சிலந்தி மனிதன் படம் போட்ட சிவப்புத் தூண்டிலுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வந்தான். தாடி, தொப்பி, தொப்பியின் விளிம்பில் ஒரு தூண்டில் முள்.

“குழந்தைக்கா, சார்? என்ன வயசு?”

“ஐம்பத்திரண்டு.”

சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரலில், “பரவாயில்லை, வாங்க” என்று என்னை எழுப்பிக் கண்ணாடி அலமாரிப் பக்கம் அழைத்துப் போனான். பூட்டைத் திறந்து ஒரு ஸ்பின்னிங் ரீலை எடுத்து என் கையில் வைத்தான். நான் என்ன செய்தேன்? கைப்பிடியைச் சுற்றினேன். காதுப் பக்கம் கொண்டுபோய் இன்னொரு சுற்று. தலையை ஆட்டினேன். அவன் வாங்கி ஒரு சுற்று சுற்றினான். அவனும் தலையை ஆட்டினான். “ஸ்மூத்” என்றான். “ரொம்ப ஸ்மூத்” என்றேன்.

இந்தச் சுற்றலைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

ரீல் விற்கிற வரிசையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒருத்தராவது சுற்றாமல் ரீலைத் திருப்பி வைக்கிறாரா? கவ்பாய் பூட்ஸ் போட்ட பெரியவர் சுற்றுகிறார். அவர் மனைவி தள்ளுவண்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். சிலர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்கள். சிலர் முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு சட்டென்று நிறுத்தி, நின்ற ரீலை முறைப்பார்கள். கைப்பிடியை ஒரு விரலால் சுண்டிவிட்டு, தானே எத்தனை சுற்று ஓடுகிறது என்று உதடு அசைய எண்ணுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்து, சுற்றவில்லை என்றதும் திருப்தியாகத் தலையாட்டுகிறவர்கள் தனி ஜாதி. வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர், துப்பாக்கி வாங்க வந்து வழி தவறியவர், எல்லாரும் சுற்றுவார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெண்டைக்காய் ஒன்று போதும். முனையை ஒடிக்காமல் வெண்டைக்காய் வாங்கிய தமிழர் யாராவது உண்டா? இங்கே இந்திய மளிகைக் கடையில், வெண்டைக்காய்த் தட்டுக்கு மேலேயே, முனையை ஒடிக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் மனைவி அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் ஒடிப்பாள். கடைக்காரர் பார்த்தால் வெண்டைக்காயைக் கீழே போட மாட்டாள். அவரைத் திரும்பப் பார்ப்பாள். அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். எண்பது சென்ட் விஷயமில்லை, உரிமைப் பிரச்சினை. ஒரு தடவை தட்டு முழுக்க முனை போன வெண்டைக்காயாகவே கிடந்தது. எல்லாம் யாரோ ஒடித்து, பிடிக்காமல் விட்டுப்போனவை. சரி, இதெல்லாம் ஆகாத காய், வேறு கடைக்குப் போவோம் என்றேன். அவள் கேட்கவில்லை. முனை இல்லாத வெண்டைக்காயை நடுவில் ஒடித்துப் பார்த்தாள்.

ஆனால் வெண்டைக்காய்ப் பரிசோதனையில் விஷயம் இருக்கிறது. பிஞ்சு என்றால் பட்டென்று ஒடியும், முற்றல் வளையும், நார் தெரியும். ஒடித்தவருக்கு ஒரு விவரம் கிடைக்கிறது. கடையில் ரீலைச் சுற்றுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? தூண்டில் நரம்பு தண்ணீரில் இல்லை. மறுமுனையில் மீன் இல்லை. பாரமே இல்லாமல் சுற்றினால் உலகத்தில் எந்த ரீல்தான் ஸ்மூத்தாக இருக்காது? மூன்றே மாதத்தில் பல்சக்கரம் மொழுக்கையாகப் போகிற ரீலும் கடையில் அழகாகத்தான் சுற்றும். இன்னும் சொல்லப்போனால் அதில் கிரீஸை அப்பியிருப்பார்கள், நல்ல ரீலைவிட வழவழவென்று சுற்றும். இது அந்த பூட்ஸ் பெரியவருக்குத் தெரியும். கண்ணாடி அலமாரிச் சாவி வைத்திருக்கிற பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியும் வெளியே வரும் வழியில், டிவி விளம்பரத்துக்காக மேசையில் ஒட்டி வைத்திருந்த மாதிரி ரீலை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.

இதில் மூடி ரீலுக்கு மட்டும் அநியாயம். கண்ணாடி அலமாரி ரீலை நாள் பூராவும் சுற்றலாம். மூடி ரீலைக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். கைப்பிடி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். சுற்ற முடியாது. பொத்தான் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை போட்டு, “அழுத்திப் பாருங்கள்” என்று எழுதியிருக்கிறது. அழுத்தினேன். டிக் என்றது. மறுபடியும் அழுத்தினேன். டிக். நாற்பது டாலரை எடுத்து நீட்டுவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சியம் அந்த டிக். வெண்டைக்காயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, காம்பை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள் என்றால் என் மனைவி அந்தக் கடையை என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் தடவை அழுத்தினேன்.

வெண்டைக்காயை விட்டுவிடுவோம்.

அந்தக் கூட்டைப் பிரிக்க விட்டார்கள் என்றால், பார்ப்பதற்கு உள்ளே நிறைய இருக்கிறது. மூக்கை, அதாவது முன்பக்க மூடியை, திருகிக் கழற்றினால் நடுவில் அசையாத உருளை, அதில் நரம்பு. அதற்கு முன்னால் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சுழல் தொப்பி. பொத்தானை அழுத்தினால் தொப்பி முன்னால் நகர்ந்து நரம்பை மூடியோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். கோலை வீசும்போது கட்டைவிரலை எடுத்தால் பிடி விட்டு நரம்பு மூக்குத் துளை வழியாக ஓடும். கைப்பிடியை லேசாகத் திருப்பியதும் தொப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன ஊசி வெளியே நீட்டி, நரம்பைப் பிடித்து இழுத்து உருளையில் சுற்றும். இந்த ஊசிதான் ரீலின் உயிர். மட்டமான ரீலில் ஒரே ஊசி, மெல்லிசாக இருக்கும். நரம்பு உரசி உரசி அதில் கோடு விழும். கோடு விழுந்த ஊசி நரம்பை அரிக்கும். அப்புறம் பெரிய மீன் மாட்டுகிற அன்றைக்குப் பார்த்து நரம்பு அறும். நல்லதில் இரண்டு ஊசி இருக்கும், தேயாத பீங்கான் பூச்சும் இருக்கலாம். இதை டிக் சொல்லுமா?

அடுத்தது டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்து போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. 10 பவுண்டு நரம்பு என்றால் இரண்டரை, மூன்று பவுண்டு இழுப்புக்கே விட்டுக்கொடுக்கும்படி வைக்கச் சொல்வார்கள். அதைச் சோதிக்க நரம்பைக் கையில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். சீராக வந்தால் நல்ல டிராக். நின்று நின்று, வெட்டி வெட்டி வந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் லொடலொடவென்று ஆட்டம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கிற பேரிங் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். பிளாஸ்டிக் பல்சக்கரத்தை எத்தனை பேரிங்கில் உட்காரவைத்தாலும் அது பிளாஸ்டிக்தான். இதில் எதையாவது பார்க்கக் கடையில் வழி உண்டா? மூக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். “திறந்தால் திருப்பி விற்க முடியாது, சார்” என்றான். வாங்கிக்கொண்டு போய்த் திறந்து பிடிக்காவிட்டால்? “திறந்ததைத் திருப்பி வாங்க மாட்டோம், சார்.” எவ்வளவு மரியாதை பாருங்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சார்.

எனக்குக் கோபம் இந்தப் பையன் மேல் மட்டுமில்லை. இந்த ரீலைக் குழந்தைச் சாமான் என்று முதலில் முடிவு கட்டிய மகராசன் யார் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் இதன் பூர்வீகத்தைப் பார்த்தால் குழந்தை பக்கத்திலேயே வரக் கூடாது. ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் 1932-ல் தொடங்கிய ஒரு கம்பெனி. எண்ணெய்க் கிணற்றின் அடியில் இறக்கி வெடிக்கவைக்கிற மின்சார டைம் பாம் செய்வது தொழில். பெயரே ஜீரோ அவர் பாம் கம்பெனி. 1940களின் கடைசியில் அந்த வெடிகுண்டுக் காப்புரிமைக்கு ஆயுள் முடியும் நேரம், வேறு ஏதாவது செய்து பிழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்.டி. ஹல் என்கிற டெக்சாஸ்காரர் வந்து சேர்ந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். அந்தக் காலப் பெய்ட்காஸ்டர் ரீலில் வீசினால், உருளை நரம்பைவிட வேகமாகச் சுற்றி எல்லாம் சிக்காகிவிடும். மீன் பிடிக்கப் போனவர்கள் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற ஆள், அசையாத நூல் உருண்டையிலிருந்து நூலைச் சரசரவென்று இழுப்பதைப் பார்த்து, உருளை சுற்றவே வேண்டியதில்லையே என்று ஹல்லுக்குத் தோன்றியதாம். 1949 மே 13-ந்தேதி முதன்முதலாக ரீல்கள் வெளியே வந்தன. 1954-ல் 33 என்கிற மாடல் வந்தது. 1956-ல் கம்பெனி பெயரையே ஜெப்கோ என்று சுருக்கிக்கொண்டார்கள். அதிபர் ஐசனோவருக்கு ஒரு ரீலைப் பரிசாக அனுப்பி, பாம் கம்பெனி என்ற எழுத்தைப் பார்த்த பாதுகாப்பு ஆட்கள் அதைத் தண்ணீரில் முக்கியதால்தான் பெயர் மாறியது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பலாமா தெரியாது, எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது.

ஆகவே சமாசாரம் இதுதான். வெடிகுண்டுக் கம்பெனியில், கடிகாரக்காரர் ஒருவர், வளர்ந்த ஆம்பிளைகள் சிக்கெடுத்துச் சாகக் கூடாது என்று செய்துகொடுத்த கருவி. அதை ஆண்கள் எல்லாம் வாங்கினார்கள், சுகமாக மீன் பிடித்தார்கள். பிறகு ஒரு நாள் எவனோ, இதைக் குழந்தைகூட வீசிவிடுகிறதே என்று கவனித்தான். அவ்வளவுதான், மானம் போய்விட்டது. குழந்தையாலும் முடிகிற காரியத்தைப் பெரியவர்கள் செய்யலாமா? உடனே எல்லோரும் பெய்ட்காஸ்டருக்குத் திரும்பிப் போய், பழையபடி கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறார்கள். முந்நூறு டாலர் ரீலில் எடுக்கிற சிக்கு என்பதால் அதற்குப் பெயர் அனுபவம்.

இந்த மானப் பிரச்சினையால் வந்த வினையைப் பாருங்கள். பெரியவர்கள் வாங்குவதில்லை என்பதால் கம்பெனிகள் நல்லதாகச் செய்வதில் காசைப் போடுவதில்லை. குழந்தைதானே, ஒரு கோடை தாங்கினால் போதும் என்று பிளாஸ்டிக்கில் ஊற்றிவிடுகிறார்கள். அது உடைகிறது. உடைந்ததும், பார்த்தாயா, மூடி ரீல் என்றாலே பொம்மைதான் என்கிறார்கள். நல்லதாகச் செய்கிற இரண்டொரு மாடல்களையும் இந்த இளவரசிகளுக்கு நடுவில் தொங்கவிட்டால் யார் கண்ணில் படும்? வயசு ஐம்பதுக்கு மேல் ஆனவன் குந்தி உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது.

மூடி ரீலுக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூக்குத் துளையில் நரம்பு உரசுவதால் வீச்சுத் தூரம் குறையும். உருளை சின்னது, நரம்பு கொஞ்சம்தான் பிடிக்கும். மணல் உள்ளே போனால் நறநறக்கும். ஈரத்தோடு மூடி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. ஆனால் நான் போவது கடலுக்கா? ஊருக்குள் பூங்காக் குளம். டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறை வெயில் காலத்தில் கெளுத்தியும் குளிர்காலத்தில் ரெயின்போ டிரவுட்டும் கொண்டுவந்து விடுகிற குளம். எதிர்க்கரையில் நிற்கிறவருக்கு வணக்கம் சொன்னால் கேட்கும். அங்கே இருநூறு அடி வீசினால் அவர் தொப்பியில்தான் போய் மாட்டும்.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயில் மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, டப்பாவில் மண்புழு என்று வளர்ந்தவன் நான். கடையிலிருந்தே சித்தப்பாவுக்கு வீடியோ அழைப்பில் கண்ணாடி அலமாரி ரீலைக் காட்டினேன். கைப்பிடியைச் சுற்றிக் காட்டச் சொன்னார், அவரும் அந்தக் கூட்டம்தான். சுற்றினேன். “மிஷினு நல்லாருக்குடா. மீனு புடிக்கவா, நெல்லு அரைக்கவா?” என்றார். கெளுத்திக்கு இங்கே ஹாட் டாக்கைத் துண்டு போட்டு முள்ளில் குத்துகிறோம் என்றதும், அதை நீ சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் வீட்டில் இருக்கலாமே என்றார். அவரிடமும் உதவி கிடைக்கவில்லை.

கண்ணாடி அலமாரிக்காரர்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு செய்தி இருக்கிறது. 2008 ஆகஸ்டில் வட கரோலினாவில் மூன்று வயதுப் பேத்தியோடு ஒரு தாத்தா வீட்டுக் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை, ‘இதைப் பிடிங்க தாத்தா, பாத்ரூம் போயிட்டு வரேன்’ என்று தன் பார்பி பொம்மைத் தூண்டிலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனது. தூண்டிலின் நீளம் இரண்டரை அடி. வந்து கடித்தது 21 பவுண்டு 1 அவுன்ஸ் எடையுள்ள சேனல் கெளுத்தி. மீன் தூண்டிலைவிட இரண்டு அங்குலம் அதிக நீளம். அந்த மாநிலத்தில் அந்த ஜாதி மீனுக்கு அப்போது அது சாதனை எடை. ரோஸ் கலர்த் தூண்டில், பொத்தான் அமுக்குகிற மூடி ரீல். எதையும் சுற்றிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு வாங்கியதில்லை. இதை அந்தத் தாடிப் பையனிடம் சொன்னேன். “லக்கு, சார்” என்றான். முந்நூறு டாலரில் பிடித்தால் திறமை, இருபது டாலரில் பிடித்தால் லக்கு.

சரி, எந்த ரீல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நரம்பு. கம்பெனியில் சுற்றிக் கொடுக்கிற நரம்பு எத்தனை நாள் கிடங்கில் கிடந்ததோ, வெளியே வரும்போதே சுருள் சுருளாக வரும். அதை உருவிப் போட்டுவிட்டு 6 அல்லது 8 பவுண்டு புது மோனோஃபிலமென்ட் நரம்பைச் சுற்றுங்கள். உருளையின் விளிம்பு வரை திணிக்காதீர்கள், சற்றுக் குறைவாக நிறுத்துங்கள். பின்னல் நரம்பு இந்த ரீல்களுக்கு அவ்வளவாக ஒத்துவராது, கவ்வும்போது வழுக்கும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே வருவது மீன் இல்லை, முறுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்கு ஏறும். பக்கத்துக் கரையிலிருந்து யாராவது “சுத்து, சுத்து” என்று கத்துவார்கள். அவர்கள் எல்லாம் மேலே சொன்ன வரிசையிலிருந்து வந்தவர்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்போது மாடல். மூடி உலோகம், பல்சக்கரம் உலோகம், ஊசி இரண்டு, டிராக் சீராக வர வேண்டும், இவ்வளவுதான் கேட்கிறேன். இதைச் சொல்லி ஒரு பெயர் கேட்டால் அந்தப் பையன் கண்ணாடி அலமாரியையே திரும்பத் திரும்பக் காட்டுகிறான். கொக்கியில் தொங்கியவற்றில் எது இந்த லட்சணத்தில் தேறும் என்று கண்டுபிடிக்க எனக்கு டிக்கைத் தவிர வேறு வழி கொடுக்கவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

என் தீர்ப்பு இதுதான்: கடையை விடுங்கள், சனிக்கிழமை காலையில் கராஜ் சேல் போங்கள். பெரியவர் யாராவது இறந்துபோன வீட்டில், துருப்பிடித்த டப்பாவுக்குள், கீறல் விழுந்த உலோக மூடியோடு பழைய 33 கிடந்தாலும் கிடக்கும். அங்கே மூக்கைக் கழற்றிப் பார்க்கலாம், ஊசியைத் தடவிப் பார்க்கலாம், நரம்பை இழுத்துப் பார்க்கலாம், யாரும் சார் போட மாட்டார்கள். ஐந்து டாலர் சொன்னால் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து ஒன்பது மணிக்கு மேல் போங்கள். நான் ஏழரைக்கே கிளம்பிவிடுவேன்.